டீச்சர் பார்த்த கோணல்

மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பட்டுத் திண்டில் கிண்ணத்தின் அடி அழுந்திய வட்டக் குழி மட்டும் இருந்தது.

கொன்றைவிளைச் சபையில் அன்று அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு. முதல் மணி அடித்தாயிற்று. இரண்டாம் மணிக்குள் பீடத்துக்குப் பூ வைத்துவிட வேண்டும் என்று தோவாளைச் சம்பங்கிப் பையோடு வேகமாக வந்த பிரீனா, பீடத்தை ஒட்டிய சின்ன அறையின் வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்து நடையைக் குறைத்தாள். கோயிலில் இந்த நேரத்தில் யாரும் இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை.

உள்ளே ஜெபகனி டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு பீடத்துணிகளும் திருவிருந்துச் சாமான்களும் அவர் பொறுப்பு. மிஷன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் விட்டுப்போன வெள்ளிக் கிண்ணத்தை ஒவ்வொரு திருவிருந்துக்கும் முந்தின நாள் துடைத்து, சிவப்பு வெல்வெட் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார். பெட்டியை ஜன்னலோரத்து மேசையில் வைத்து அறையைப் பூட்டிவிட்டுப் போவார். நேற்றும் அப்படித்தான் செய்தார். இன்று பூட்டு பூட்டினபடி இருந்தது. பெட்டியும் இருந்தது. கிண்ணமும் துணியும் இல்லை.

“ஜன்னல் கம்பி வளைஞ்சு கெடக்கு. அதுவழியாத்தான் எவனோ எடுத்திருக்கான்,” என்றார் டீச்சர்.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நிறுத்தி வைத்த பென்சில்கள் போல எட்டு இரும்புக் கம்பிகள். ஒன்றும் வளைந்திருக்கவில்லை.

யாராவது சிரித்துவிடுவதற்குள் சபைச் செயலர் எட்சன் முன்னால் வந்தார். கோயிலின் பின்வாசலை ஒட்டி வீடு, அதை ஒட்டி ஹார்டுவேர் கடை. பேசும்போது கையைக் கட்டிக்கொண்டு பேசுகிற மனிதர்.

“வளைஞ்சுதான் இருந்தது. நானும் கண்டேன். டீச்சர வெளிய பெஞ்சில உக்கார வச்சிட்டு நான்தான் நெம்பி நிமித்தினேன். பிள்ளைங்க கைய விட்டு வெளையாடும்லா. போலீசு பாக்கணும்னு அப்பம் தோணல. எந் தப்புதான்.”

அதே நேரம் கோயில்பிள்ளை ஷாஜன் பின்பக்கத்திலிருந்து வந்தான். மணி அடிப்பது, கூட்டிப் பெருக்குவது, விளக்குப் போடுவது எல்லாம் அவன் வேலை. கையில் சிவப்பு வெல்வெட் துணி.

“செக்ரட்டரி பின்னால போய்ப் பாருலேன்னு சொன்னாரு. போனேன். ஜன்னலுக்கு நேர் கீழ கெடக்கு.”

துணியைப் பிரீனா வாங்கினாள். ஓரத்தில் மாவு போல வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. தட்டினாள், போகவில்லை. உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. சுவரில் அடித்த சுண்ணாம்பாக இருக்கும் என்று அப்போது நினைத்தாள்.

இரண்டாம் மணியை அன்று யாரும் அடிக்கவில்லை.

*

சப்-இன்ஸ்பெக்டர் முருகதாஸ் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. போதகர் திருவிருந்து இல்லாமல் ஆராதனையை முடித்து, சபையாரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். போகவேண்டியவர்கள் போகவில்லை. வேப்பமரத்தடியில் நின்று, கண்டதையும் காணாததையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிரீனாவும் போகவில்லை. நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவமனையில் அவள் கண் பரிசோதகர். ஊரில் அவளுக்குப் பெயர் ‘கண்ணாடிக்காரி.’ அண்டியாபீசில் முந்திரி உடைத்துக் கறுத்த விரல்களோடு அவள் அம்மா கட்டிய கல்லூரிக் கட்டணத்துக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. அவள் அதைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள்.

அறைக்குள் விசாரணை நடந்தது. பிரீனா வாசல் நிலையை ஒட்டி நின்றாள். ஷாஜன் முதலில்.

“காலைல எப்பம் வந்த?”

“விடியும்போதே வந்தேன் சார்.”

“வந்து?”

“சுத்திலும் குப்பையத் தூத்து வாரினேன். பொறவு முன்வாசல்ல மணி அடிச்சிட்டு, அங்கயே இருந்தேன்.”

“இந்த ஜன்னலுக்குக் கீழ?”

“அங்கயும் தூத்தேன். தினமும் தூத்து வாருத எடம்தான்.”

“துணி கெடந்ததா?”

“இல்ல.”

“இல்லியா? அப்பம் மானத்துலேருந்து விழுந்துதோ?”

“செவப்புத் துணி சார். செம்மண்ணுல கெடந்தாலும் கண்ணுக்குத் தெரியாமலா போவும். எனக்கொண்ணும் புரை இல்ல.”

“யாருக்கு புரை?”

ஷாஜன் வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “டீச்சருக்குத்தான். கண்ணுல புரையை வச்சிக்கிட்டு ஆப்பரேசன் பண்ணாம நடக்குதாங்க. ஆனா அது நடிப்போன்னும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கீழ விழுந்த குண்டூசி தெரியும், ஆள் மூஞ்சி தெரியாது. முகம் குடுத்து ஒரு வார்த்த பேசமாட்டாங்க. நம்ம காதப் பாத்துப் பேசுவாங்க. மனசுல கள்ளம் இருக்கவங்கதான் அப்படிப் பாப்பாங்க.”

“வேற?”

“நேத்து பீடத்துணி கோணலா இருக்குன்னு நாலுமட்டம் விரிக்க வச்சாங்க. நூல் பிடிச்ச மாதிரி விரிச்சிருந்தேன். சும்மா என்னப் போட்டுப் பாடாப் படுத்துததுக்கு.”

போலீஸ்காரர் ஒருவர் அவன் பிடரியில் லேசாக ஒன்று போட்டு வெளியே தள்ளினார். ஏன் என்று மற்ற யாரும் கேட்கவில்லை. பிரீனா கேட்டாள். “எதுக்கு சார் அடிச்சீங்க?” அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனார்.

அடுத்து டீச்சர்.

“அறைப் பூட்டுக்குத் தாக்கோல் எத்தன?”

“ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு எட்சன்கிட்ட.”

“உங்க தாக்கோல யாருக்காவது குடுத்தீங்களா?”

“இல்ல.”

“என்னப் பாத்துச் சொல்லுங்க.”

“பாத்துத்தான் சொல்லுதேன்.”

டீச்சரின் கண்கள் அவர் தோளுக்கு மேலே, இடது காதுக்கு வெளியே எங்கோ இருந்தன. முருகதாஸ் உதட்டைச் சுழித்தார்.

“செரி. கம்பி வளைஞ்சிருந்துதுன்னு சொன்னீங்க. செக்ரட்டரி அத நிமித்திட்டாராமே?”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“நிமித்தல. இப்பவும் வளைஞ்சுதான் இருக்கு. நடுவுல ரெண்டு கம்பி.”

முருகதாஸ் கையிலிருந்த லத்தியைக் கம்பிகளின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. வாசலில் நின்ற எட்சன் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்து முருகதாஸ் போதகரிடம் சொன்னதைப் பிரீனா கேட்டாள்.

“பூட்டு உடையல்ல. கம்பி வளையல்ல. அந்தம்மா எம் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லுது. இவரு பாவம், படிப்பிச்ச டீச்சர மாட்டிவிடக் கூடாதுன்னு நிமித்தினேன் கிமித்தினேன்னு பொய் சொல்லுதாரு. இரும்புக் கம்பிய கையால நிமித்த இவரு என்ன பயில்வானா? நல்ல மனுசன், விட்டிருவோம். அந்தம்மாவ நாளைக்குக் காலைல ஸ்டேசனுக்கு வரச் சொல்லுங்க. கோயில் தாக்கோல இன்னைக்கே வாங்கிருங்க.”

வேப்பமரத்தடிக்கு அந்தச் செய்தி அவரைவிட முன்னால் போய்ச் சேர்ந்தது.

*

டீச்சரின் வீடு கோயிலுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. மதியம் பிரீனா போனபோது அவர் சமையலறையில் கறுப்புப் பீங்கான் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சோறு கறுப்புத் தட்டில்தான் அவருக்குத் தெரியும். அந்தத் தட்டை வாங்கச் சொன்னதே பிரீனாதான். படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னது, வாசிக்கிற மேசைக்கு மேலே பளிச்சென்று விளக்கு வைக்கச் சொன்னது, எல்லாம் அவள்தான்.

இரண்டு வருடமாக இது இருவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. டீச்சருக்கு இருந்தது புரை இல்லை. புரை என்றால் லென்ஸ் மாற்றினால் தீரும். இது விழித்திரையின் நடுப்புள்ளி வயசில் தேய்ந்துபோகிற நோய். சுற்றிலும் பார்வை இருக்கும், நடுவில் இருக்காது. வலது கண்ணில் நடு முழுக்கப் போய்விட்டது, அது திரும்பாது. இடது கண்ணிலும் நடு மங்கி, அந்த அளவில் நின்றிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, முருங்கையிலை, முட்டத்து மீன் என்று டீச்சர் ஒழுங்காகத்தான் இருந்தார். ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிரீனாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் பீட வேலையைப் பிடுங்கிவிடுவார்கள்.

“டீச்சர், ஷாஜன் அண்ணன் சொல்லுதது நெசமா? பீடத்துணி கோணலா இருந்துதா?”

“கோணல்தான். அவன் விரிக்கது எல்லாம் கோணல். நம்ம வீட்டு டியூப்லைட்டும் தொங்குது. ஜெபிஷக் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். ஏணி போட்டு ஏறிப் பாத்திட்டு, சரியாத்தான் இருக்கு டீச்சரேன்னு எறங்கிப் போயிட்டான். இப்பம் உள்ள எலக்ட்ரீசியனுக்கு ரசமட்டம் வச்சுப் பாக்கக்கூடத் தெரியாது.”

பிரீனா டியூப்லைட்டைப் பார்த்தாள். நேராக இருந்தது.

ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டிவிட்டுப் போன கட்டம் போட்ட தாள் இருந்தது. அதன்மேல் சபை ஆண்டு விழா அழைப்பிதழை ஒட்டியிருந்தார் டீச்சர்.

“தினமும் ஒவ்வொரு கண்ணா மூடி இதப் பாக்கச் சொன்னேனே. எப்பம் பாத்தீங்க கடைசியா?”

“விழா வேல, மக்கா. விட்டுப் போச்சு.”

அழைப்பிதழை உரித்து எறிந்தாள். டீச்சரின் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். “நடுவுல உள்ள புள்ளியப் பாருங்க. கோடெல்லாம் எப்படி இருக்கு?”

டீச்சர் பார்த்தார். கணக்கு டீச்சர் அவர். நாற்பது வருடம் கரும்பலகையில் அளவுகோல் இல்லாமலே நேர்கோடு போட்டவர்.

“நடுவுல குழி விழுந்த மாதிரி இருக்கு,” என்று மெல்லச் சொன்னார். “கோடெல்லாம் அதுக்குள்ள சரியுது. இது நேத்து வரைக்கும்... இல்ல. தெரியல்ல, மக்கா.”

“நேர்கோடு வளைஞ்சு தெரிஞ்சா அன்னைக்கே வரணும்னு எத்தன மட்டம் சொன்னேன் டீச்சர்? இடது கண்ணுல கசிய ஆரம்பிச்சிருக்கு. நடுப்புள்ளிக்கு அடியில புதுசா ரத்தக்குழாய் முளைச்சு, நீர் ஊறி மேல தூக்குது. அதான் வளையுது. ஊசி போட்டா நிக்கும். போடாம விட்டா இந்தக் கண்ணும் வலது கண்ணு மாதிரிப் போவும்.”

அங்கேயே போனை எடுத்து விழித்திரை டாக்டரிடம் பேசினாள். நாளைக் காலை முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு வா, தள்ளிப்போடாதே என்றார் அவர்.

டீச்சர் சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

“நாளைக்குக் காலைல ஸ்டேசன்.”

“ஸ்டேசன் கெடக்கட்டும்.”

“எனக்கு நோய்னு சொன்னா, மாட்டினதும் நோய்னு சாக்குச் சொல்லுதான்னு பேசுவாங்க. சொல்லாட்டா பொய்க்காரி. களவாணின்னு பேரோட நான் எந்த ஆஸ்பத்திரி வாசலும் மிதிக்க மாட்டேன், பிரீனா. கண்ணு போனா போகட்டு.”

“நல்ல பிடிவாதம். கண்ணு உங்களுக்குத்தானே போகப்போவுது, ஊருக்கா?” பிரீனாவின் குரல் உயர்ந்துவிட்டது. அவள் மூச்சை இழுத்துவிட்டு, வேறு மாதிரிக் கேட்டாள்.

“செரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கம்பி வளைஞ்சிருக்குன்னு முதல்ல யார்ட்ட சொன்னீங்க?”

“எட்சன்ட்ட. போன்ல. அறையத் தொறந்தேன், பெட்டிய எடுத்தேன், வெயிட்டு இல்ல. ஜன்னலப் பாத்தேன். ஒடனே அவனக் கூப்பிட்டு, எட்சா கிண்ணத்தக் காணல்ல, ஜன்னல் கம்பிய வளைச்சிருக்கானுவன்னு சொன்னேன். தொடாதீங்க டீச்சர், இப்பம் வாரேன்னான்.”

“அவரு வாரதுக்கு முன்ன வேற யாரும்?”

“இல்ல. அவன்தான் முதல்ல வந்தான். பின்வாசல் வழியா. பொறவுதான் மத்தவங்க.”

*

பிரீனா கோயிலின் பின்பக்கம் போனாள். அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

கீழே செம்மண். சுவர் பூசாத கல். சுண்ணாம்பு எங்கேயும் இல்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகளுக்குள் காலையில் ஒட்டிய வெள்ளை இன்னும் இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கரையவில்லை, பசையாகி, காய்ந்ததும் இறுகியது.

நடுக் கம்பி இரண்டுக்கும் இடையே மேல்பக்கத்தில், கம்பியையும் நிலையையும் சேர்த்து ஒரு குளவிக்கூடு. பழைய மண், காய்ந்து வெளுத்தது. ஒரு விரிசல் இல்லை. நகத்தால் லேசாகத் தட்டினாள். ஓரத்தில் ஒரு சில்லு பொலபொலவென்று உதிர்ந்தது. மீதியைத் தொடாமல் விட்டாள்.

கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்துப் பார்த்தாள். கை போனது. விரல்களை மடக்கி முஷ்டியாக்கினாள். முஷ்டி வெளியே வரவில்லை.

முதலில் எட்சன் மாமாவை அவளும் முருகதாஸைப் போலத்தான் நினைத்திருந்தாள். அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது வீட்டுக்கு வந்து சால்வை போட்டவர். டீச்சருக்காகப் பொய் சொன்ன ஒரே ஆள். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டாள். விடை வரவில்லை. நினைப்பை எடுத்துவிட்டுப் போட்டாள். வந்தது.

அவள் நேரே முருகதாஸுக்குப் போன் போட்டாள். பிறகு டீச்சர் வீட்டுக் கதவைத் திரும்பத் தட்டினாள்.

“நான் சத்தியத்த மீறப்போறதில்ல, டீச்சர். உங்க கண்ண நீங்களே சொல்லணும். சொன்னா களவாணி யாருன்னு நான் சொல்லுதேன்.”

*

மாலையில் கமிட்டி கூடியது. தாக்கோலை வாங்குவதற்காகக் கூட்டின கூட்டம் அது. போதகர் நடுவில் உட்கார்ந்திருந்தார். எட்சன் வழக்கமான நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. முருகதாஸ் தூணில் சாய்ந்து நின்றார், முகத்தில் நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஷாஜன் வாசல்படியில். ஞாயிறு பள்ளிக் கரும்பலகையைப் பிரீனா இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

“என்ன பிள்ளே, பாடம் எடுக்கப் போறியா?” என்றார் கமிட்டியில் ஒருவர்.

“நான் இல்ல. டீச்சர்.”

டீச்சர் எழுந்தார். “எனக்குப் புரை இல்ல,” என்றார். “எனக்கு நடுப்பார்வை போய்க்கிட்டு இருக்கு. நேரா பாத்தா நேரா உள்ளது தெரியாது. ஒரு ஆள் முகத்தப் பாக்கணும்னா நான் அவரு காதப் பாக்கணும். அப்பம்தான் முகம் ஓரத்துல விழும். நீங்க நான் முகம் குடுக்கலன்னு நெனச்ச நேரம் எல்லாம் நான் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நேரா மூஞ்சியப் பாத்துப் பேசினேன்னா அன்னைக்கு நீங்க எனக்குத் தெரியலன்னு அர்த்தம்.”

ஷாஜன் படியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அந்த ஜன்னல் உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு போடுங்க, டீச்சர்,” என்றாள் பிரீனா.

டீச்சர் சாக்குக்கட்டியை எடுத்தார். கை பழைய கைதான். முதலில் ஓரத்துக் கம்பிகள், நெட்டுக்குத்தாக. பிறகு நடு. அவை இடுப்பில் வளைந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஒரு தலை நுழைகிற இடம் விட்டுக் கீழே சேர்ந்தன.

“டீச்சர் பொய் சொல்லல்ல,” என்றாள் பிரீனா. “எந்தக் கோடும் இப்பம் அவங்களுக்கு இப்படித்தான் தெரியும். பீடத்துணி, டியூப்லைட்டு, ஜன்னல் கம்பி. பொய் சொல்லுத ஆளா இருந்தா, நிமித்திட்டேன்னு மாமா நீட்டின கயித்தப் பிடிச்சிருப்பாங்க. அவங்க இப்பவும் வளைஞ்சிருக்குன்னுதான் சொன்னாங்க. வளைவு கம்பில இல்ல, கண்ணுல. ஆனா கண்ணு நல்லா இருக்க இன்னொருத்தரும் அந்த வளைவக் கண்டேன்னு சொன்னாரு.”

எட்சன் சிரித்தார், வருத்தமாக. “டீச்சருக்காகத்தான் மக்கா சொன்னேன். பொய்தான். சபை மன்னிக்கணும்.”

“பொய்னு ஒத்துக்கிட்டீங்க. நல்லது. அந்தக் கம்பில குளவிக்கூடு ஒண்ணு அப்படியே இருக்கு, சார் பாத்தாச்சு. வளைச்சாலும் நிமித்தினாலும் அது உதிர்ந்திருக்கும். அப்பம் கம்பி எந்தக் காலத்துலயும் வளையல்ல. கிண்ணம் அந்த வழியாப் போவாது. முஷ்டியே போவாது. பொறவு துணி மட்டும் எதுக்கு மாமா அங்க போச்சு?”

“கள்ளன் போட்டிருப்பான்.”

“போட்டிருக்கான். எப்பம்? விடியும்போ ஷாஜன் அண்ணன் தூத்த நேரம் துணி இல்ல. அவரு சொன்னத யாரும் காதுல வாங்கல்ல, பிடரில அடிச்சு அனுப்பினாங்க.” தூணோரம் நின்ற போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்தார். “தூத்து முடிச்ச பொறவுதான் துணி வந்திருக்கு. கள்ளன் ஜன்னல் வழியா வந்தான்னு காட்டத்தானே போட்டான்? அந்த ஜன்னல் வழியா ஒண்ணும் வராதுன்னு நேரா உள்ள கம்பியப் பாத்த யாருக்கும் தெரியும். தினமும் அங்க தூத்து வாருத ஷாஜன் அண்ணனுக்கு நல்லாத் தெரியும். பாக்காம, வளைஞ்சிருக்குன்னு காதால கேட்டு நம்பின ஒரு ஆள்தான் அங்க கொண்டு போட்டிருக்க முடியும். அந்த நேரம் அதக் கேட்டது ஒரே ஒரு ஆள். போன்ல.”

போதகர் மெல்ல எட்சன் பக்கம் திரும்பினார்.

“டீச்சரே கம்பிவழியா வெளிய தள்ளியிருக்கலாம்லா?” இது முருகதாஸ். கேட்கவேண்டிய கேள்விதான்.

“தள்ளலாம் சார். ஆனா துணில உள்ள வெள்ளைத் தூள் எங்கேருந்து வந்தது? அறைக்குள்ள இல்ல. வெளிய செம்மண்ணு. தண்ணி பட்டா இறுகுது. இது ஒயிட் சிமென்ட்டு. இந்தச் சுத்து வட்டாரத்துல அத மூட மூடயா வச்சிருக்கது யாரு? மாமாகிட்ட ரெண்டாவது தாக்கோல் இருக்கு. நேத்து ராத்திரியே எடுத்துட்டாரு. டீச்சருக்குக் கண்ணு தெரியாது, பூட்டாமப் போயிருப்பாங்கன்னு ஊரே சொல்லும், அதுதான் கணக்கு. காலைல டீச்சர் போன்ல கம்பி வளைஞ்சிருக்குன்னதும், இது அதவிட நல்ல வழின்னு தோணிச்சு. ஒளிச்சு வச்ச இடத்துலேருந்து துணிய உருவி, வாற வழில ஜன்னலுக்குக் கீழ போட்டுட்டு உள்ள வந்தாரு. வந்து பாத்தா கம்பி நேரா இருக்கு. துணி வெளிய கெடக்கு. திரும்பப் போய் எடுக்க நேரம் இல்ல, ஆள் வந்தாச்சு. அப்பம் நிமித்தினேன்னு சொல்லாம வேற வழி?”

எட்சனின் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

“கடைச் சாவியக் குடும் வே,” என்றார் முருகதாஸ்.

கிண்ணம் கடையில் மூன்றாவது சிமென்ட் மூட்டைக்குள் இருந்தது. வெள்ளிக்கு மேல் வெள்ளையாக ஒரு படலம். கொச்சியில் பழைய சாமான் சேர்க்கிற ஒருவன் திங்கட்கிழமை வருவதாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

எட்சனை ஜீப்பில் ஏற்றும்போது டீச்சர் வேப்பமரத்தடியில் நின்றார். எட்சன் அவர் முன்னால் வந்ததும் தானாக நின்றுவிட்டார்.

“போய் ஒருமட்டம் கம்பியப் பாத்திட்டுத் துணியப் போடக்கூடாதாலே, எட்சா?” என்றார் டீச்சர். களவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விடையைச் சரிபார்க்காமல் தாளை நீட்டிய பையனிடம் கேட்பது போலக் கேட்டார்.

“நீங்க ஒரு கோட்டத் தப்பாச் சொல்லி நான் கேட்டதில்ல, டீச்சர்,” என்றார் எட்சன்.

*

திங்கட்கிழமை காலை டீச்சர் ஸ்டேசனுக்குப் போகவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் பிரீனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். கண்ணுக்குள்ளேயா ஊசி என்று வழியெல்லாம் கேட்டார். மரத்துப்போக மருந்து விடுவார்கள் என்று ஒவ்வொரு முறையும் பிரீனா சொன்னாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தாமதமில்லை, ஆனால் இது ஒரு ஊசியோடு முடிகிற காரியமுமில்லை என்றார். மாதாமாதம் வரவேண்டும். போன வலது கண் போனதுதான். இடதைப் பிடித்து வைக்கலாம்.

சபையில் இரண்டு பேர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள், நோயாளியிடம் எதற்குத் தாக்கோல் என்று. பிரீனா அந்தக் கமிட்டிக்குப் போய், கண் நல்லா இருந்த செயலரிடம் தாக்கோல் இருந்ததே, அது என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு வந்தாள். பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள். இரண்டு ஊசி ஆகியிருந்தது. டீச்சர் அறைக்குள் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷாஜன் பீடத்துணியை விரித்துவிட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

“துணி விரிச்சாச்சு டீச்சரே. கோணல் இருக்கான்னு பாருங்க.”

டீச்சர் எட்டிப் பார்த்தார். “நடுவுல இப்பவும் லேசா ஒரு வளைவு உண்டு. அது எங் கணக்கு, உங் கணக்கு இல்ல. விடு.”

ஷாஜன் கால் மாற்றி நின்றான். “அன்னைக்கு போலீசுகிட்ட நான் என்னென்னமோ சொல்லிட்டேன். முகம் குடுக்க மாட்டீங்க, அது இதுன்னு...”

டீச்சர் கிண்ணத்தை வைத்தார். அவன் பக்கம் திரும்பினார். பிறகு பார்வையைக் கொஞ்சம் விலக்கி, அவன் இடது காதுக்கு வெளியே நிறுத்தினார். ஷாஜன் அசையாமல் நின்றான். சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டான்.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார்.

“உனக்கு என்னலே,” என்றார், “தலை இவ்வளவு நரைச்சுப் போச்சு.”